வயதான நாயும் நாட்பட்ட நோயும் – வீட்டில் பராமரிப்பது எப்படி?

எமது சுகாதாரப் பகுதியில் இதுவரை மனிதரின் நோய்களைப் பற்றியே எழுதி வந்தோம். இம்முறை எமது வீடுகளில் எம்மோடு வாழும் நாய்களைப் பற்றி எழுதுகிறோம். சிலருக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் இதற்கு ஒரு காரணம் உண்டு.

பிள்ளைகள் பாடசாலையில் படித்த காலத்தில் அடம்பிடித்து வாங்குவித்த நாய்க்குட்டிக்கு இன்று பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆகிவிட்டது. கேட்டு வாங்கிய பிள்ளை பல்கலைக்கழகம் போய், வேலை கிடைத்து, வேறு நகரத்தில் இருக்கிறார். நாய் மட்டும் அம்மா அப்பாவோடு, சில வீடுகளில் அம்மம்மாவோடு, இருந்துவிட்டது. பிரஷர் பார்க்க வருபவர்கள் கையை நீட்டிக்கொண்டே, "டொக்டர், எங்கட நாய் ராவு முழுக்கத் தண்ணி குடிக்குது, என்ன வருத்தமா இருக்கும்?" என்று கேட்பது இப்போது சாதாரணமாகிவிட்டது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிரித்தானியாவில் 1966ஆம் ஆண்டின் மிருக வைத்தியர் சட்டத்தின்படி, மிருகங்களின் நோயை நிர்ணயித்துச் சிகிச்சை அளிப்பது பதிவுபெற்ற மிருக வைத்தியர்களுக்கே உரியது. எம்மைப் போன்ற குடும்ப வைத்தியர்களுக்கு நாய்க்கு மருந்து எழுத உரிமையும் இல்லை, பயிற்சியும் இல்லை. ஆனால் மாறாத நோய் உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரிப்பது எப்படி என்பதை நாம் நாளாந்தம் பார்க்கிறோம். நீரிழிவு, சிறுநீரக நோய், இதய நோய், மூட்டுவாதம், மறதி நோய் என்று எமது முதியவர்களுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை நாய்களுக்கும் வருகின்றன.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நாய் தன் நோவைச் சொல்லாது. அதற்காகச் சொல்லவேண்டியவர்கள் நாம். சொல்வதென்றால் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். இக்கட்டுரையின் சாரம் இதுவே.

எது முதுமை, எது நோய்?

நாயின் ஒரு வயது மனிதரின் ஏழு வயதுக்குச் சமம் என்ற கணக்கு சரியானதல்ல. முதல் இரண்டு ஆண்டுகளில் நாய் மிக வேகமாக முதிர்கிறது. பின்னர் அந்த வேகம் குறைகிறது. உடல் பருமனும் முக்கியம். ஜேர்மன் செப்பேர்ட் போன்ற பெரிய இன நாய்கள் எட்டு வயதளவிலேயே முதுமையை எட்டிவிடும். சிறிய இன நாய்களுக்குப் பத்து, பதினொரு வயதாகலாம்.

முகத்தில் நரை விழுவதும், பகலில் கூடுதலாக உறங்குவதும், கண்மணியில் இலேசான நீலப்படலம் தெரிவதும் வயதின் மாற்றங்கள். ஆனால் அதிக தாகம், நிறை குறைதல், இருமல், எழும்பக் கஷ்டப்படுதல், பசியின்மை, வீட்டுக்குள் சலம் போதல் ஆகியவை வயதின் மாற்றங்கள் அல்ல. இவற்றைப் பார்த்துவிட்டு "வயது போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. மனிதரிலும் நாம் பல நோய்களைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதற்கு இந்த ஒரு வசனமே காரணம். வயதான நாயை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மிருக வைத்தியரிடம் காட்டி, நிறை, இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சோதிப்பது நல்லது.

பெரும்பாலும் காணப்படும் ஐந்து நோய்கள்

1. நாட்பட்ட சிறுநீரக நோய்

சிறுநீரகத்தின் மூன்றில் இரண்டு பங்கு செயலிழந்த பின்னரே சிறுநீர் நீர்த்துப் போகத் தொடங்கும். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு செயலிழந்த பின்னரே இரத்தத்தில் கிரியற்றினின் அளவு உயரும். ஆகவே தாகமும் அடிக்கடி சலம் போவதும் வீட்டிலுள்ளவருக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. நோயை 1 முதல் 4 வரை நிலைகளாகப் பிரித்து, அதற்கேற்பச் சிகிச்சை செய்வார்கள்.

இரவில் வீடு நனைகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். இது மிகவும் ஆபத்தானது. நோயுற்ற சிறுநீரகத்தால் நீரைச் சேமிக்க முடியாததால்தான் நாய் குடிக்கிறது. தண்ணீரை மறித்தால் சில மணி நேரத்திலேயே உடல் வரண்டு, நிலைமை மோசமாகும். கிண்ணத்தை எடுக்காமல், நாயை இரவில் ஒருமுறை கூடுதலாக வெளியே கொண்டு போவதே சரியான வழி.

உணவே இங்கு முக்கிய மருந்து. பொஸ்பரஸ் குறைந்த, புரதம் அளவான சிறப்பு உணவை வைத்தியர் சொல்வார். அதை ஒரேநாளில் மாற்றாமல், பழைய உணவோடு கலந்து ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாக மாற்றவும். சாப்பிட மறுத்தால் சற்றுச் சூடாக்கிக் கொடுங்கள், வாசனை கூடும்.

2. நீரிழிவு

நாய்க்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் எமது முதியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை போன்றதல்ல. ஏறக்குறைய எல்லா நாய்களுக்கும் இன்சுலின் தேவை. எமது வீடுகளில் தாராளமாக இருக்கும் மெற்போமின் குளிசை இதற்கு உதவாது. பொதுவாகப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், நாளுக்கு இரண்டு தடவை, உணவோடு சேர்த்து ஊசி போடவேண்டும். நீரிழிவுள்ள பெரும்பாலான நாய்களுக்குக் கண்புரை ஏற்படும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

வீட்டில் ஒருவருக்கு இன்சுலின் இருந்தால் இந்தப் பந்தியைக் கட்டாயம் வாசியுங்கள். நாய்களுக்கென உரிமம் பெற்ற இன்சுலினில் ஒரு மில்லிலீற்றரில் 40 அலகுகள் உள்ளன. மனிதருக்கான இன்சுலினில் பெரும்பாலும் 100 அலகுகள். இரண்டுக்கும் ஊசிக்குழாய் வேறு வேறு. மனிதரின் 100 அலகு ஊசிக்குழாயில் நாயின் மருந்தை 10 என்ற கோடு வரை இழுத்தால் நாய்க்குப் போவது 4 அலகு மட்டுமே. மாறாக, நாயின் 40 அலகு ஊசிக்குழாயில் மனிதரின் இன்சுலினை 10 வரை இழுத்தால் போவது 25 அலகு. இது உயிரைப் பறிக்கும். அப்பாவின் இன்சுலினையும் நாயின் இன்சுலினையும் குளிரூட்டியின் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நாயின் மருந்துக்கும் ஊசிக்கும் தனிப் பெட்டி ஒன்று, பெயர் எழுதி ஒட்டியதாக, இருக்கட்டும்.

நாய் சாப்பிடாவிட்டால் வழமையான அளவு இன்சுலினைப் போடாமல், முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். தள்ளாட்டம், நடுக்கம், மயக்கம், வலிப்பு ஆகியவை சீனி குறைந்ததன் அடையாளங்கள். உடனே சிறிது தேனையோ குளுக்கோஸையோ ஈறில் தடவிவிட்டு வைத்தியரை அழையுங்கள். வலிப்பு வந்திருக்கும்போது வாய்க்குள் விரலை விடாதீர்கள்.

3. இதய நோய்

வயதான சிறிய இன நாய்களில், விசேடமாக கவலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியலில், இதயத்தின் மைற்றல் வால்வு தடித்துக் கசியத் தொடங்கும். பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இன்றி இருக்கலாம். இதயம் பெருத்த பின், ஆனால் நோய்க்குறிகள் தோன்றும் முன்பே, பிமோபெண்டான் என்ற மருந்தைத் தொடங்கினால் இதயச் செயலிழப்பு சராசரியாகப் பதினைந்து மாதங்கள் அளவில் தள்ளிப்போவதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. இருமல் வரும்வரை காத்திருக்காமல், வைத்தியர் "இதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறது" என்று சொன்னவுடனேயே மேற்கொண்டு பரிசோதிப்பது இதனால்தான் பயனுள்ளது.

வீட்டில் செய்யக்கூடிய மிகச் சிறந்த பரிசோதனைக்குக் காசு செலவில்லை. நாய் நன்றாக உறங்கும்போது நெஞ்சு எழுந்து விழுவதை ஒன்றாக எண்ணி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று பாருங்கள். 30க்குக் குறைவாக இருக்கவேண்டும். தொடர்ந்து 30க்கு மேல் போனால் அன்றே வைத்தியரை அழையுங்கள். நுரையீரலில் நீர் கோர்ப்பதன் முதல் அடையாளம் இதுவாக இருக்கலாம். மூச்சு முட்டினாலோ, ஈறு நீலமாகவோ சாம்பலாகவோ மாறினாலோ அது அவசரநிலை.

4. மூட்டுவாதம்

நாய் கத்தவில்லை என்றால் நோவு இல்லை என்று நினைப்பது தவறு. நாட்பட்ட நோவுள்ள நாய் பெரும்பாலும் கத்துவதில்லை. படியேறத் தயங்கும், எழும்பச் சற்று நேரம் எடுக்கும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருக்கும், தொட்டால் உறுமும், முன்பு ஏறிப் படுத்த சோபாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

முதல் மருந்து நிறையைக் குறைப்பது. இரண்டாவது ஒழுங்கான சிறு நடை. மூன்றாவதே மருந்து. நாய்களுக்கென உரிமம் பெற்ற மெலொக்சிக்காம், கார்ப்ரோபென் போன்றவை நன்கு உதவுகின்றன. இவை கொடுக்கும்போது சத்தி எடுத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ மருந்தை நிறுத்திவிட்டு அழைக்கவும். பெடின்வெட்மாப் என்ற மாதாந்த ஊசி 2021 முதல் பிரித்தானியாவில் பாவனையில் உள்ளது. பல நாய்களுக்கு நல்ல பயன் கிடைத்தாலும், அதன் பக்கவிளைவுகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2024 டிசம்பரில் மிருக வைத்தியர்களுக்கு அறிவுறுத்தல் விடுத்தது. ஆகவே நன்மை தீமை இரண்டையும் வைத்தியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

5. மறதி நோய்

நாயின் மூளையிலும் மனிதரின் அல்சைமர் நோயில் காணப்படுவது போன்ற அமிலோயிட் புரதம் படிகிறது. கதவின் திறக்காத பக்கத்தில் நிற்றல், மூலைக்குள் சிக்கிக்கொள்ளுதல், இரவில் விழித்து நடந்து குரைத்தல், பழகியவரை அறியாதது போல இருத்தல் ஆகியவை அறிகுறிகள். இரவில் சிறு விளக்கொன்றை எரிய விடுவதும், தளபாடங்களை இடம் மாற்றாமல் இருப்பதும், உணவையும் நடையையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்வதும் உதவும். ஏசுவதால் எந்தப் பயனும் இல்லை. நோவு, காது கேளாமை, பார்வைக் குறைவு ஆகியவையும் இதே போன்ற அறிகுறிகளைத் தரும் என்பதால் முதலில் அவற்றைச் சோதிக்க வேண்டும்.

ஒரு கொப்பி வாங்குங்கள்

வைத்தியர் நாயைப் பார்ப்பது பதினைந்து நிமிடம். நீங்கள் பார்ப்பது இருபத்துநான்கு மணி நேரம். உங்களுடைய குறிப்பு இல்லாமல் அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவரால் அதிகம் செய்ய முடியாது. ஒரு சாதாரணப் பாடசாலைக் கொப்பியில் பின்வருவனவற்றை எழுதி வாருங்கள்.

நிறை – இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சிறிய நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பின் தனியே ஏறி, வித்தியாசத்தைப் பாருங்கள். பெரிய நாயைத் தூக்க வேண்டாம். மிருக வைத்தியசாலைத் தராசில் நிறுத்தித் தருவார்கள். பத்துக் கிலோ நாய் ஒரு கிலோ குறைவது அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ குறைவதற்குச் சமம்.

தண்ணீர் – காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மீதியை அளவுங்கள். ஒரு கிலோ நிறைக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் குடித்தால் அது அதிகம். அதாவது பத்துக் கிலோ நாய் நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்கு மேல் குடித்தால் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

மூச்சு – உறக்கத்தில், வாரத்துக்கு இரு தடவை. இதய நோய் உள்ள நாய்க்கு நாளாந்தம்.

உணவு, மலம், சலம், சத்தி – மாற்றம் இருந்தால் மட்டும்.

மருந்து – கொடுத்த நேரமும் கொடுத்தவரின் பெயரும். இரண்டு பேர் இரண்டு தடவை கொடுப்பதும், "நீ குடுத்திருப்பாய் எண்டு நினைச்சன்" என்று ஒருவரும் கொடுக்காமல் விடுவதும் இதனால் தவிர்க்கப்படும்.

கடைசியாக, ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு சொல் – "நல்லது" அல்லது "கஷ்டம்". இது ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறோம்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள்

எமது வீடுகளில் குளிசைக்குப் பஞ்சமில்லை. இரக்கத்தினால் தம்முடைய குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

இபுபுரோபன், டைக்குளோபெனாக், நப்ரொக்சன், அஸ்பிரின் ஆகியவை நாயின் குடலில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் ஏற்படுத்தும். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதடைந்த நாய்க்கு மிகச் சிறிய அளவே போதும். பனடோல் எனப்படும் பரசிற்றமோலைச் சில வேளைகளில் மிருக வைத்தியரே அளவிட்டுக் கொடுப்பதுண்டு. ஆனால் நாமாகக் கொடுத்தால் ஈரலும் இரத்தமும் பாதிக்கப்படும். வீட்டில் பூனையும் இருந்தால், அதற்கு ஒரு குளிசையே உயிராபத்து.

மூட்டில் பூசும் களிம்புகளையும் தலையிடித் தைலங்களையும் நாய்க்குப் பூச வேண்டாம். அவற்றில் கற்பூரம், மெதைல் சலிசிலேற் போன்றவை உண்டு. நாய் பூசிய இடத்தை நக்கும். உங்கள் முழங்காலில் நீங்கள் பூசிய களிம்பை நாய் நக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள், நாட்டு மருந்து, பக்கத்து வீட்டு நாயின் மிச்ச மருந்து எதுவாக இருந்தாலும் முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சமையலறையில் கவனம்

நாய்க்கு ஒரு பிடி சோறு வைக்காமல் தான் சாப்பிட மனம் வராதவர்கள் எமது அம்மாமார். அந்த மனதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சோற்றோடு போகும் கறியில்தான் பிரச்சினை.

வெங்காயம், உள்ளி, லீக்ஸ் ஆகியவை, பச்சையாயினும் சமைத்ததாயினும், நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். எமது கறிகளில் இவை இல்லாதது எது? திராட்சைப் பழமும், பாயாசத்துக்கும் கேசரிக்கும் போடும் பிளம்ஸ் எனும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைத் திடீரென்று செயலிழக்கச் செய்யலாம். இதற்குத் தார்த்தாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என 2021இல் அமெரிக்காவின் மிருக நச்சியல் வைத்தியர்கள் சுட்டிக்காட்டினர். அதே அமிலம் எமது பழப்புளியிலும் மிகுதியாக உண்டு. ஆகவே புளிக்குழம்பு, இரசம், புளிச்சாதம் எதையும் நாய்க்கு வைக்க வேண்டாம்.

சொக்கிலேற்றும், சீனியில்லாத சுவிங்கம், இனிப்பு வகைகளில் சேர்க்கப்படும் சைலிற்றோலும் நஞ்சு. சமைத்த ஆட்டெலும்பும் கோழியெலும்பும் கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பொரியலும் கொழுப்பும் கணைய அழற்சியை ஏற்படுத்தலாம். உப்பு இதய நோயுள்ள நாய்க்குக் கூடாது.

கொடுக்காமல் இருக்க முடியாது என்றால், உப்பும் தூளும் சேராமல் அவித்த கோழித்துண்டு, கரட், பூசணி, போஞ்சி ஆகியவற்றில் சிறிதளவை, நாயின் நோயைச் சொல்லி, வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள். விருந்தினர் வரும் நாட்களில், விரத முடிவில், திவச நாட்களில் வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெரும்பாலும் அன்றுதான் ஆளுக்கு ஒரு பிடி போய்ச் சேர்கிறது.

வீட்டில் சில மாற்றங்கள்

வழுக்கும் தரையில் சறுக்காத விரிப்புகளைப் போடுங்கள். மூட்டுவாத நாய்க்கு இதுவே பாதி நிம்மதி. படிக்கட்டுக்குச் சிறுபிள்ளைகளுக்குப் போடும் தடுப்பைப் போடுங்கள். படுக்கை தடிப்பாகவும், காற்று அடிக்காத இடத்திலும், வீட்டார் இருக்கும் அறையிலும் இருக்கட்டும். தனியறையில் ஒதுக்கி வைத்தால் நாய் சோர்ந்துவிடும். எழும்ப முடியாத நாயைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, படுக்கைப் புண் வருகிறதா என்று முழங்கை, இடுப்பு ஆகிய இடங்களைப் பாருங்கள். நகத்தை வெட்டி விடுங்கள். நீண்ட நகம் நடையைக் கெடுக்கும்.

ஒரு மணி நேர நடைக்குப் பதிலாகப் பத்துப் பதினைந்து நிமிட நடை நாளுக்கு மூன்று தடவை போதும். நாய் நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

பராமரிப்பவரின் உடல்நலம்

இப்பகுதி எமது துறை சார்ந்தது என்பதால் சற்று அழுத்திச் சொல்கிறோம்.

நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடக்காதீர்கள். ஒரு அணிலைக் கண்டு நாய் இழுத்தால் விழுவது நீங்கள். எலும்புத் தேய்வு உள்ள அம்மாமாருக்கு ஒரு விழுகை இடுப்பெலும்பு முறிவாக முடியலாம். இருபது கிலோ நாயைத் தனியே தூக்கவும் வேண்டாம். வயிற்றின் கீழ் ஒரு துவாயைக் கொடுத்துத் தாங்கி நடத்துங்கள்.

நாய் நக்கினால் புண் ஆறும் என்பது தவறான நம்பிக்கை. நாயின் வாயில் இருக்கும் சில கிருமிகள், மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கும், புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் கடுமையான குருதி நஞ்சாதலை ஏற்படுத்தலாம். நீரிழிவு உள்ளவர்கள் காலிலுள்ள புண்ணை மூடி வையுங்கள். நாய் கடித்தாலோ ஆழமாகப் பிறாண்டினாலோ ஓடும் நீரில் நன்கு கழுவிவிட்டு அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. நெஞ்சு நோவோடு எமது வைத்திய நிலையத்துக்கு வந்த ஒரு அம்மா ஆம்புலன்சில் ஏற மறுத்தார். பிறகுதான் தெரிந்தது, மாலை ஏழு மணிக்கு அவருடைய நாய்க்கு இன்சுலின் போடவேண்டும். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துத் திறப்பை ஒப்படைத்த பின்னரே அவர் வைத்தியசாலைக்குப் போகச் சம்மதித்தார். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். தனியே இருப்பவர்கள், நாய்க்கு மருந்து கொடுக்கத் தெரிந்த ஒருவரை இன்றே பழக்கி வையுங்கள். திறப்பு யாரிடம், மருந்து எங்கே, அளவு எவ்வளவு, மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கம் எது என்பதை எழுதிக் குளிரூட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். தொலைவில் இருக்கும் பிள்ளைகளே, இந்தத் தாளை எழுதிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. நாய் உங்களுக்காக வாங்கப்பட்டது.

செலவும் உதவியும்

நாட்பட்ட நோய் என்றால் நாட்பட்ட செலவும்தான். காப்புறுதி எடுப்பதானால் நாய்க்கு நோய் வருமுன் எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். ஒரு நோய்க்குப் பன்னிரண்டு மாதம் மட்டும் தரும் காப்புறுதி வேறு, வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் தரும் காப்புறுதி வேறு. கையெழுத்திடுமுன் இதைக் கேளுங்கள்.

மருந்தை மிருக வைத்தியரிடமே வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருந்துச் சீட்டை எழுதித் தரும்படி கேட்கலாம். அதற்கு ஒரு கட்டணம் உண்டு. நீண்டகால மருந்தானால் வெளியே வாங்குவது மலிவாக வரலாம். வருமானம் குறைந்து அரசாங்க உதவி பெறுபவர்கள், 1917இல் மரியா டிக்கின் கிழக்கு லண்டன் வைற்சப்பலில் தொடங்கிய பிடிஎஸ்ஏ நிறுவனத்தில் இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை கிடைக்குமா என்று விசாரிக்கலாம். வயதானவர்களுக்கும் கடும் நோயாளருக்கும் நாயை நடத்திச் செல்ல 1985இல் தொடங்கப்பட்ட சினமன் ட்ரஸ்ட் தொண்டர்களை அனுப்பி உதவுகிறது. கையில் எவ்வளவு முடியும் என்பதை வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். செலவு குறைந்த ஒரு திட்டத்தையும் அவர்களால் வகுக்க முடியும். சொல்லாமல் மருந்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுப்பதுதான் ஆபத்து.

போதும் என்ற நேரம்

எழுதத் தயங்கினாலும் எழுதவேண்டிய பகுதி இது. நாட்பட்ட நோயில் ஒரு கட்டத்துக்குப் பின் மருந்து உயிரை நீட்டாது, வேதனையையே நீட்டும். அப்போது இந்நாட்டு மிருக வைத்தியர்கள், ஊசி மூலம் நாயை அமைதியாகப் போகவிடுவது பற்றிப் பேசுவார்கள். எமது பெரியவர்கள் பலர் இதைக் கேட்டவுடன் அதிர்ந்து போகிறார்கள். "கொலை செய்யச் சொல்லுறீங்களோ?" என்று கேட்டவர்களும் உண்டு.

இதற்குப் பின்னால் உயிர்க்கொலை பாவம் என்ற நம்பிக்கை மட்டும் இல்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஓரிரவில் வெளியேறிய எம்மில் பலர், நாயை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள். சிலர் அவிழ்க்கவும் நேரமின்றி வந்தவர்கள். தெருமுனை வரை பின்னால் ஓடிவந்த நாயை இன்னும் மறக்காதவர்கள் இருக்கிறார்கள். தருமர் தன் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் புக மறுத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். "இதையும் கைவிடமாட்டன்" என்று ஒருவர் சொல்லும்போது அந்த இரவும் அதற்குள் இருக்கிறது.

எமது கருத்தைச் சொல்கிறோம். கைவிடுதல் வேறு, வேதனையிலிருந்து விடுவித்தல் வேறு. அன்று நாய்க்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. இன்று நீங்கள் இருக்கிறீர்கள். கடைசி மூச்சு வரை தலையில் கைவைத்துப் பக்கத்தில் இருப்பவர் கைவிட்டவர் அல்லர். அதேபோல், நன்றாகச் சிந்தித்தும் மனம் ஒப்பாதவர்கள், நோவைக் குறைக்கும் மருந்துகளோடு இயற்கையான முடிவு வரை பராமரிப்பது பற்றி வைத்தியரிடம் பேசலாம். ஆனால் நோவு மருந்து இல்லாமல், "அது தன்பாட்டில் போகட்டும்" என்று நாட்கணக்கில் கிடக்க விடுவது எந்த அறத்திலும் அடங்காது.

எப்போது என்பதை அறிய ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்க மிருக வைத்தியர் அலிஸ் வில்லலோபொஸ் 2004இல் வகுத்த இதில் ஏழு கேள்விகள் உள்ளன. நோவு அடங்கியிருக்கிறதா? சாப்பிடுகிறதா? உடலில் நீர் போதுமா? சுத்தமாக வைத்திருக்க முடிகிறதா? மகிழ்ச்சி தெரிகிறதா? நடமாட முடிகிறதா? கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடவா? ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று புள்ளி போடுங்கள். எழுபதுக்கு 35க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவரது கணக்கு. ஏழாவது கேள்விக்குத்தான் கொப்பியில் நாளாந்தம் எழுதிய அந்த ஒரு சொல். நேற்று வாலை ஆட்டியதை மனம் பெரிதாக நினைத்துக்கொள்ளும். கடந்த முப்பது நாளில் இருபத்திரண்டு நாள் "கஷ்டம்" என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்போது, முடிவு எடுப்பது சற்று இலகுவாகும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து அந்தக் கொப்பியைப் பாருங்கள். பொறுப்பை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள்.

செயல்முறை பற்றிய பயமும் பலருக்கு உண்டு. பல வேளைகளில் முதலில் ஓர் அமைதிப்படுத்தும் ஊசி போடுவார்கள். பின்னர் மயக்க மருந்தை மிகக் கூடிய அளவில் நாளத்தில் ஏற்றுவார்கள். சில நொடிகளில் நாய் உணர்விழக்கும். அதன்பின் இதயம் நிற்கும். கண்கள் திறந்தே இருக்கலாம். ஓரிரு மூச்சு இழுப்பது போலத் தெரியலாம். அது வேதனையல்ல, உடலின் தன்னியக்கம். பல வைத்தியர்கள் வீட்டுக்கே வந்து செய்வார்கள். சிறுபிள்ளைகளுக்கு "நித்திரையாக்கினோம்" என்று சொல்ல வேண்டாம். அவர்கள் உறங்கப் பயப்படுவார்கள். இறந்துவிட்டது என்றே சொல்லுங்கள்.

அதன் பின் வரும் துக்கத்தை "ஒரு நாய்க்குப் போய் அழுவதோ" என்று யாரும் இகழ வேண்டாம். தனியே வாழ்ந்த ஒருவருக்கு அந்த நாய்தான் காலையில் எழும்பும் காரணமாக இருந்திருக்கும். உறக்கமும் பசியும் பல வாரம் திரும்பாவிட்டால் எம்மிடம் வாருங்கள். புளூ குறொஸ் நிறுவனமும் செல்லப்பிராணியை இழந்தவர்களோடு பேசுவதற்கு இலவச சேவை நடத்துகிறது.

நினைவில் வைக்க

• தாகம், நிறை குறைதல், இருமல் ஆகியவை முதுமையல்ல, நோய்.
• தண்ணீரை ஒருபோதும் மறிக்க வேண்டாம்.
• உறக்கத்தில் மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினால் அன்றே அழைக்கவும்.
• மனிதரின் குளிசை, களிம்பு, இன்சுலின், ஊசிக்குழாய் எதுவும் நாய்க்கு வேண்டாம்.
• வெங்காயம், உள்ளி, திராட்சை, பழப்புளி, சொக்கிலேற், சமைத்த எலும்பு கூடாது.
• உங்களுக்குச் சுகமில்லை என்றால் நாயைப் பார்ப்பவர் யார் என்பதை இன்றே எழுதி ஒட்டவும்.
• கொப்பியை ஒவ்வொரு முறையும் வைத்தியரிடம் கொண்டு செல்லவும்.

இக்கட்டுரை பொது அறிவுக்கானது. உங்கள் நாயின் மருந்தையோ உணவையோ மாற்றுமுன் அதன் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். அடுத்த இதழில், குளிர்காலத்தில் முதியவர்கள் விழுவதைத் தவிர்ப்பது பற்றிப் பார்ப்போம்.